நார்த்மீட் அரண்மனைக்கு ஒரு கவுளி வெற்றிலை

சிட்னி விமான நிலையத்தில் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டது ஒரு நாய். காது தொங்கிய, குட்டைக் கால் நாய். அரசாங்கச் சட்டை போட்டிருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, பந்தியில் இடம் பிடித்தவரைப் போல உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊரில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையோடு வரவேற்றதில்லை.

நான் எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை. உணவுப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே குறித்திருந்தேன். நேர்மையினால் அல்ல. பொய் சொன்னால் எனக்குக் காது மடல் சிவந்துவிடும்.

பெட்டியைத் திறந்த அதிகாரி இளம்பெண். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். வாழைநாரில் கட்டிய ஒரு கவுளி வெற்றிலை. ஒரு பொட்டலம் கொட்டைப் பாக்கு. பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம். கடைசியாக, சிவப்புப் பட்டில் தைத்த ஒரு பழைய பை.

“இதெல்லாம் யாருக்கு?” என்றாள்.

“ராஜாவுக்கு.”

“எந்த ராஜாவுக்கு?”

“எங்கள் ராஜாவுக்கு. நார்த்மீட்டில் இருக்கிறார்.”

“பரமட்டாவுக்குப் பக்கத்து நார்த்மீட்டிலா? என் அக்கா அங்கேதான் இருக்கிறாள்” என்றாள். ராஜா என்றதற்கு அவள் வியக்கவில்லை. நார்த்மீட்டில் என்றதற்குத்தான் கொஞ்சம் வியந்தாள்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுவது நல்லது. வயிற்றுப்பாட்டுக்கு நான் மதுரையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரையும் எழுதுகிறேன். படித்துச் சிரிப்பது பெரும்பாலும் நான்தான். ஆனால் பரம்பரையாக நான் கருவேலங்கோட்டை சமஸ்தானத்தின் அடைப்பைக்காரன். அடைப்பை என்பது ராஜாவின் வெற்றிலைப் பை. அதைச் சுமப்பவன் அடைப்பைக்காரன்.

சமஸ்தானம் என்றதும் யானை, அம்பாரி என்று போய்விடக் கூடாது. சில ஊர்கள், ஒரு கண்மாய், ஓர் அம்மன் கோயில், அவ்வளவுதான். ஊர்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கண்மாயைக் கருவேலமரம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது அம்மன் திருவிழாவில் முதல் மரியாதை ஒன்றுதான்.

அந்த மரியாதைக்கு ஒரு முறை உண்டு. கொடியேற்றத்துக்கு முந்திய நாள் அடைப்பைக்காரன் ஒரு வெற்றிலையை இரண்டாகக் கிழித்து, பாக்கும் சுண்ணாம்பும் வைத்து இரண்டு மடிப்பாக மடிப்பான். ஒன்றை எல்லோரும் பார்க்கத் தான் மெல்லுவான். அவன் சுருண்டு விழவில்லை என்று தெரிந்த பிறகு மற்றதை ராஜாவிடம் நீட்டுவான். ராஜா வாங்கி மென்றால் அந்த ஆண்டுத் திருவிழா அவருடையது. புது ராஜா முதல் தடவை வாங்கினால் அதுதான் பட்டாபிஷேகம். எங்கே வைத்து வாங்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. ராஜா நிற்கிற இடம் அரண்மனை.

ஆக, எங்கள் குடும்பத்தின் வேலை, சுருக்கமாகச் சொன்னால், வெற்றிலையில் விஷம் இல்லை என்று உயிரைக் கொடுத்து நிரூபிப்பது. இதுவரை யாரும் கொடுக்கவில்லை. கருவேலங்கோட்டை ராஜாவை விஷம் வைத்துக் கொல்லும் அளவுக்கு யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அந்த அதிகாரி வெற்றிலையைத் தனியே வைத்தாள். இலை, வேர், விதை எதுவும் உள்ளே வரக் கூடாதாம். பிறகு பாக்குப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள். யாரிடமோ பேசினாள். திரும்பி வந்து, மருத்துவர் கெட்ட செய்தி சொல்லும் குரலில், “ஐயா, இந்த நாட்டில் இது விஷப் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது” என்றாள்.

தலைமுறை தலைமுறையாக நாங்கள் மென்று மென்று மறுத்துவந்த ஒன்றை அந்தப் பெண் நின்ற இடத்திலேயே தீர்த்துவைத்தாள். சுண்ணாம்பைத் துடைத்துப் பரிசோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். காலியான பட்டுப் பையையும் கொடுத்தாள். “உங்கள் ராஜாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்” என்றாள்.

கேட்டதாகச் சொன்னேன். ராஜா, காரை நிறுத்திய இடம் தெரியாமல் மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தார்.

ராஜாவின் பெயர் ரகு. நாற்பது தாண்டிவிட்டது. ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறான். சென்ற ஆண்டு அவன் அப்பா, அதாவது பெரிய ராஜா, காலமானார். அந்தக் காரியங்களிலேயே அவனுடைய விடுப்பெல்லாம் தீர்ந்துபோனது. துக்க ஆண்டு முடிந்து இப்போது திருவிழா வருகிறது. ரகுவால் ஊருக்கு வர முடியாது. இந்த ஆண்டு யாருமே வெற்றிலை வாங்கவில்லை என்றால் முதல் மரியாதை கோயில் நிர்வாக அதிகாரிக்குப் போய்விடும். அதிகாரியிடம் போனது குடும்பத்துக்குத் திரும்பிய வரலாறு எங்கள் பக்கத்தில் இல்லை. அதனால்தான் வெற்றிலை விமானம் ஏறியது.

அனுப்பிவைத்தவர் கோயில் தர்மகர்த்தா. என் மனைவிக்குத் தாய்மாமன். “மகன் கையில குடுத்துட்டு வா. வேற எதையும் யோசிக்காத. யோசிக்கிறது ஒனக்கு வராது” என்று சொல்லி வழியனுப்பினார்.

“வாங்க சின்னராசா” என்றேன் ரகுவிடம்.

“ரகுன்னு கூப்பிடுங்கண்ணே. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க.”

நார்த்மீட் அரண்மனை ஓட்டுக்கூரை போட்ட செங்கல் வீடு. முன்னால் ஒரு புல்தரை, அதை வாரம்தோறும் வெட்டாவிட்டால் அக்கம்பக்கத்தார் மௌனமாக வருந்துவார்கள். நான் போன மாலை குப்பைத் தொட்டிகளைத் தெருவோரம் வைக்கும் நாள். சிவப்பு மூடித் தொட்டியை ராஜா தள்ளிக்கொண்டு போனார். முன்னால் போய்ப் பராக் சொல்ல வேண்டிய பரம்பரையில் வந்தவன் நான், மஞ்சள் மூடித் தொட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் ஊரில் குப்பையை வகை பிரிப்பது மாடுகள்தான். அவற்றுக்கு மூடியின் நிறம் முக்கியமில்லை.

ரகுவின் மனைவி கவிதா மருத்துவமனையில் செவிலியர். பணிக்குப் போவதற்கு முன் எனக்கு இட்லி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் என் பட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவர் ராஜாவுக்கு நொறுக்குத் தீனி எடுத்துக்கொண்டு போகிறவரா?” என்று ஆங்கிலத்தில் அப்பாவிடம் கேட்டாள். எங்கள் பதவியைப் பற்றி இவ்வளவு துல்லியமான வாக்கியத்தை நான் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மறுநாள் காலை, இரண்டாவது காப்பியின்போது, ரகு விஷயத்தைச் சொன்னான்.

“அண்ணே, நான் வாங்கல.”

“வெத்தலையையா?”

“வெத்தலையையும்.”

நான் இட்லியைப் பார்த்தேன்.

“அப்பா காரியத்துக்கு வந்தேன்ல. எல்லாரும் கால்ல விழுந்தாங்க. பெரியவங்க விழுந்தா ஒதுங்கிக்கலாம். என்கூடப் படிச்ச பய ஒருத்தன், ஒண்ணா கண்மாயில நீச்சல் அடிச்சவன், அவனும் விழுந்தான். அன்னைலேர்ந்து அவன்கூட எனக்குப் பேச்சு வரல. போன் எடுத்தா என்ன பேசுறதுன்னு தெரியல. இந்த ஊருக்கும் ராஜா இருக்காரு. அவரு பாட்டுக்கு வேற நாட்டுல இருக்காரு. யாரும் யாரு கால்லயும் விழறதில்ல.”

“அப்ப மரியாதை ஆபீசருக்குப் போயிரும் தம்பி.”

“மங்கைக்குக் குடுங்க. அவதான் கேட்டுக்கிட்டிருக்கா.”

மங்கை அவன் தங்கை. மெல்பர்னில் மருந்தாளுநர். இதுவரை வெற்றிலை பெண் கைக்குப் போனதில்லை. போகக் கூடாது என்று எங்கும் விதியில்லை. யாரும் கேட்டதில்லை, அதுதான் விதி.

தர்மகர்த்தா மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். “பொம்பளப் புள்ள கையில குடுத்துட்டு நீ இந்தப் பக்கம் வராத. வந்தாலும் தலப்பாத் துணி கெடையாது.”

தலைப்பாகைத் துணி என்பது அடைப்பைக்காரனுக்குத் திருவிழாவில் கட்டும் மரியாதை. ஒரு துண்டுப் பட்டும் அரை மூடித் தேங்காயும். ஆண்டு முழுவதும் நான் கேலி செய்வேன். கட்டும் நாளன்று மட்டும் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன்.

மெல்பர்னுக்குப் போனேன். அங்கே நகர நடுவில் டிராமில் காசு இல்லாமல் போகலாம். இலவசம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு அந்த ஊரின் கட்டடக்கலையில் ஆர்வம் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன். ‘இலவச எல்லை முடிகிறது’ என்று ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. அதைப் பொதுவான வாழ்க்கைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். கொஞ்ச தூரத்தில் சீருடை போட்ட ஒருவர் ஏறினார். எதிரே இருந்த சீனப் பாட்டி ஒருத்தி என் முகத்தைப் படித்துவிட்டு, “இறங்கு, இறங்கு” என்று கையாலேயே விரட்டினாள். இறங்கினேன். மழை பிடித்தது. குடையைத் தேடி எடுப்பதற்குள் வெயில் அடித்தது. குடையை மடிப்பதற்குள் காற்று அதை வாங்கிக்கொண்டது. அந்த ஊரில் வானிலை அறிக்கை வாசிப்பவருக்கு நல்ல சம்பளம் தர வேண்டும்.

மங்கை காரோடு வந்து என்னைக் கண்டுபிடித்தபோது, நான் ஒரு தையல்கடைச் சாய்ப்பின் கீழ் பட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“அண்ணே, அடைப்பைய மழையில நனைய விடாம நீங்க நனையறீங்க. அப்பா இருந்திருந்தா ஒரு காணி எழுதி வச்சிருப்பாரு” என்றாள்.

ஒரு வியட்நாமியக் கடையில் சூடான நூடுல்ஸ் குழம்பு வாங்கிக் கொடுத்தாள். கிண்ணத்தோடு ஒரு தட்டில் பச்சை இலைகள் தனியாக வந்தன. பரிமாறிய பெண், எதுவும் ஒவ்வாமை உண்டா, கடலை, முந்திரி போன்றவை சேருமா என்று கேட்டாள். இந்த நாட்டில் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் இதைக் கேட்கிறார்கள். சாப்பிடுகிறவர் செத்துவிடக் கூடாது என்ற அக்கறை. எங்கள் பரம்பரைத் தொழில் இங்கே செழித்துத்தான் இருக்கிறது.

“என் வேலையும் உங்க வேலைதானண்ணே” என்றாள் மங்கை. “இதச் சாப்பிட்டா ஆளு இருப்பானா போவானான்னு பாத்துக் குடுக்கிறது. நான் மென்னு காட்டுறதில்ல, அவ்வளவுதான்.”

விஷயத்துக்கு வந்தேன். ரகு வேண்டாம் என்றதையும், மாமா கூடாது என்றதையும் சொன்னேன். அவள் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“வெத்தல நாள்ல நான் எங்க நிப்பேன்னு ஞாபகம் இருக்காண்ணே?”

இருந்தது. சொல்லச் சங்கடமாக இருந்தது.

“தூணுக்குப் பின்னாடி. படிக்கத்தப் பிடிச்சுக்கிட்டு.”

படிக்கம் என்பது ராஜா வெற்றிலைச் சாற்றைத் துப்பும் பித்தளைப் பாத்திரம். ராஜா தலையை அசைத்தால் படிக்கம் வாய்க்கு நேரே வர வேண்டும்.

“அண்ணன் கை வெத்தல வாங்கப் பழகுற கை. என் கை எச்சி ஏந்துற கை. அப்பா துப்பும்போது என் மேல தெறிக்காமத்தான் துப்புவாரு, பாவம். அப்பாவுக்கு நடக்க முடியாமப் போன பெறகு வருசா வருசம் லீவு போட்டு வந்து திருவிழாவ நடத்துனது யாரு? தேர் வடம் மாத்துனது யாரு? தர்மகர்த்தா மாமா ஒவ்வொரு தடவையும் என்னயக் கூப்பிட்டுத்தான் கேப்பாரு. கேட்டுட்டு, ‘அண்ணங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரும்மா’ம்பாரு.”

“ரகு வாங்கி ஒங்கிட்டக் குடுத்துட்டா? மாமாவுக்கும் மகன் கைன்னு ஆகும்.” சமரசம் பேசுவது காப்பீட்டுத் துறையில் ஊறிப்போன பழக்கம்.

“வேணாம்ணே. அவன் வாங்கிக் குடுத்தா அது அவன் குடுத்தது. நீங்க நேரா என் கைல நீட்டணும். இல்லேன்னா ஆபீசரே வாங்கிக்கட்டும். நான் இனிமே வரல.”

சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. மாமாவின் முகமும் தலைப்பாகைத் துணியும் மாறி மாறி வந்தன. “சனிக்கிழமதான் வெத்தல நாள். சிட்னிப் பக்கம் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு வா, பாத்துக்கலாம்” என்றேன். ‘பாத்துக்கலாம்’ என்பது கோழைகளுக்காகவே தமிழில் உண்டான சொல்.

சிட்னிக்குத் திரும்பியதும் வேறு பிரச்சினை. வெற்றிலை இல்லை. இந்தியக் கடையில் கேட்டோம். குளிர்பெட்டியில் கிடந்து ஓரம் கறுத்த கட்டு ஒன்று இருந்தது. பட்டாபிஷேகத்துக்கு ஆகாது. அப்போதுதான் ரகு, “மரியதாஸ் அங்கிளக் கேப்போம்” என்றான்.

மரியதாஸ் அங்கிள் இலங்கையில் மன்னார்க்காரர். ரகு இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குவேக்கர்ஸ் ஹில்லில் அவர் வீட்டில்தான் குடியிருந்தான். ரயில் பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் போர்த்திய சிறு கொட்டகைக்குள், விளக்கு வெப்பத்தில், தொட்டி தொட்டியாக வெற்றிலைக் கொடி வளர்த்துக்கொண்டிருந்தார்.

“இருங்கோ தம்பி, கதிரையில இருங்கோ. குசினியில தேத்தண்ணி கொதிக்குது” என்றார். விஷயத்தைச் சொன்னதும் வாய்க்குள் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு யோசித்தார். “எனக்கு உந்த ராசா கதையெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ராசா ஒராள்தான், அவர் மாட்டுத் தொழுவத்தில பிறந்தவர். ஆனா வெத்திலை வேணுமெண்டால் தாறன்.”

“ஒரு அஞ்சாறு இலை கிள்ளிக் குடுத்தாப் போதும் அங்கிள்” என்றேன்.

“கிள்ளினா அங்க போகேக்க வாடிப் போகும். தொட்டியோடதான் வரும். நானும் வாறன், என்ர காரில.”

“பாக்கு?”

“பாக்கு இங்க கரைச்சல்” என்றார். அவர் வாயில் இருந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிடி மக்கடேமியாக் கொட்டைகளோடு வந்தார். “இந்த நாட்டு மரத்தில காய்க்கிறது. உருண்டை, கடும் வைரம். உங்கட அம்மனுக்கு இதில ஒரு குறையும் இராது.”

மங்கைக்குச் செய்தி அனுப்பினேன். ‘பாக்கை விட இது உடம்புக்கு நல்லது. யாருக்காவது ஒவ்வாமை உண்டா?’ என்று பதில் வந்தது.

சனிக்கிழமை கிளம்பினோம். மங்கையும் விடியற்காலை விமானத்தில் வந்துவிட்டாள். ரகு, மங்கை, கவிதா, மகள் எல்லோரும் முன்னால் ஒரு காரில். பின்னால் அங்கிளின் பழைய காரில் அவரும் நானும், என் மடியில் வெற்றிலைத் தொட்டியும். தெற்கே போகப் போக வீடுகள் குறைந்து யூகலிப்டஸ் காடு வந்தது. அங்கிள் பேச்சு வாக்கில் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். மறுபடி திரும்பக் கிடைத்த இடம் கடற்கரைக்குக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான். ஒவ்வொரு வளைவிலும் கொடி என் மூக்கில் உரசியது. என் முன்னோர்கள் பல்லக்குக்குப் பக்கத்தில் பையைச் சுமந்து நடந்தார்களாம். அவர்களுக்கு வேரோடும் மண்ணோடும் சுமக்கும் பேறு கிட்டவில்லை.

காட்டுக்கு நடுவே திடீரென்று வெள்ளைக் கோபுரம். மரங்களில் குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கொண்டைக் கிளிகள். அவையும் பக்தர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. பெருமாளைச் சேவித்தோம். அர்ச்சகரிடம் சொன்னதும், “உள்ள மெல்லப்படாது. வெளில, கார் நிறுத்தற எடத்துல வச்சுக்கோங்கோ” என்றார். அதற்கு முன் சிற்றுண்டிச்சாலையில் புளியோதரை சாப்பிட்டோம். வெறும் வயிற்றோடு விஷம் சோதிப்பது நல்லதல்ல.

கார் நிறுத்துமிடத்தின் ஓரம், ஒரு மரத்தடி. ஊரில் கோயில் வாசலில் மாமாவும் ஊர்க்காரர்களும் காணொளி அழைப்பில் காத்திருந்தார்கள். கைபேசியைப் பிடிக்கும் பொறுப்பை அங்கிள் ஏற்றுக்கொண்டார். ரகு என் வலப்பக்கம் நின்றான், மங்கை இடப்பக்கம். அவள் பட்டுச் சேலைமேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். இரண்டு கைகளையும் அதன் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாள்.

கொடியிலிருந்து கொழுந்தாக ஒன்றைக் கிள்ளினேன். இரண்டாகக் கிழித்தேன். சுண்ணாம்பு தடவி, உடைத்த மக்கடேமியாவை வைத்து மடித்தேன். ஒன்றை வாயில் போட்டு மென்றேன். கடைவாயில் உறை போட்ட பல் ஒன்று உண்டு, அது முனகியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சாகவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊரில் நாகஸ்வரம் ஆரம்பித்தது. கைபேசிக்குள்ளிருந்து தகர டப்பாவில் வாசிப்பது போலத்தான் கேட்டது. ஆனால் அது வெற்றிலை நாளில் வாசிக்கும் அதே மல்லாரி.

ரகுவின் கை எழுந்தது.

அவனுக்கே தெரியாமல்தான் எழுந்தது. வாரமெல்லாம் வேண்டாம் என்றவனின் வலக்கை, கொஞ்சம் குழிந்து, இடக்கை முழங்கையைத் தாங்க, சின்ன வயதில் பழக்கிய அதே பாவனையில் என் முன்னால் வந்து நின்றது. அவன் கண்ணில் தண்ணீர் வேறு. அவன் அப்பாவை நினைத்திருக்க வேண்டும்.

மங்கை பார்த்தாள். சட்டைப்பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் அரை அடி நகர்ந்தாள். அதுவும் பழக்கம்தான்.

“குடுறா” என்றது மாமாவின் குரல். “மகன் கையில குடு.”

இந்த இடத்தில் ஒரு வீரன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தது, எங்கள் வேலையில் மெல்லுவது பெரிதல்ல என்பதுதான். விஷம் உண்டா என்று பார்ப்பதை விமான நிலையத்து நாய்கூடச் செய்யும், அதிகாரிகூடச் செய்வாள். நீட்டுவதற்குத்தான் ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஆட்கள் இத்தனை காலமாக நீட்ட வேண்டிய பக்கத்தில்தான் நீட்டியிருக்கிறார்கள். அதனால் அதற்கு ஆள் தேவைப்பட்டதாகவே யாருக்கும் தெரியவில்லை.

“நாச்சியார்” என்றேன். பட்டத்து ராணிக்கு உரிய அந்தச் சொல்லால் அவளை யாரும் அழைத்ததில்லை. “முன்னாடி வாங்க.”

ரகுவின் கையைத் தாண்டி நீட்டினேன். அவள் முன்னால் வந்து, சட்டைப்பைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். வெற்றிலை நிதானமாக இடம் மாறியது. அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

ரகுவின் கை இன்னும் அந்தரத்தில் இருந்தது. அதை அவன் யாருடையதோ போலப் பார்த்தான். பிறகு கீழே இறக்கினான். காரை நோக்கி நடந்தான். கவிதா கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. ஒரு வாரத்துக் கோழைத்தனம் போதாதென்று இப்போது ஒரு குடும்பத்தையும் உடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கைபேசியில் குலவைச் சத்தம் கேட்டது. நான் திகைத்தேன். மாமா இதற்குக் குலவை போட விடமாட்டாரே.

“யாருப்பா அது?” என்றது மாமாவின் குரல். “ராசா மாதிரி தெரியலையே. யாரு அந்தப் பெரியவரு?”

அங்கிள் கைபேசியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்திருந்தார். முழுச் சடங்கின்போதும் கருவேலங்கோட்டை பார்த்துக்கொண்டிருந்தது, வெள்ளைச் சட்டை போட்ட மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவர் ஆனந்தமாக வெற்றிலை மெல்லுவதை.

“நான் ராசா இல்லை ஐயா” என்றார் அங்கிள் பணிவாக. “நான் மரியதாஸ். பொறுங்கோ, மற்றப் பக்கம் காட்டுறன்.”

இதற்கிடையில் மங்கைக்கு வாய் நிறைந்துவிட்டது. வெற்றிலை பழக்கமில்லாதவள். கன்னம் உப்பி, கண் கலங்கி, நாலா பக்கமும் பார்த்தாள். பெருமாள் கோயில் வளாகம். பளபளவென்று கழுவிய தரை. இந்த நாட்டில் தரையில் துப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரிலிருந்து ரகு ஓடிவந்தான். கையில், காலையில் வழியில் வாங்கிக் குடித்த காப்பியின் காகிதக் கோப்பை. அவள் எதிரே வந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கோப்பையை அவள் வாய்க்கு நேரே ஏந்தினான். அவள் துப்பினாள். அவன்மேல் தெறிக்காமல்தான் துப்பினாள்.

அங்கிள் கைபேசியைத் திருப்பியது அப்போதுதான். யார் நிற்கிறார்கள், யார் ஏந்துகிறார்கள் என்று கருவேலங்கோட்டை முழுக்கப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாகஸ்வரம் நடுவே நின்று, கொஞ்சம் தயங்கி, மறுபடி தொடங்கியது.

மாமா தொண்டையைச் செருமினார். “அடுத்த வருசமாச்சும் நாச்சியார நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லு” என்றார். தலைப்பாகைத் துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரகு நிமிரப் பார்த்தான். கால் வலித்திருக்கும். “இத எங்க ஊத்துறது? அந்தச் சிவப்பு மூடித் தொட்டியிலயா?” என்றான்.

மங்கை தலையை லேசாக அசைத்தாள். பெரிய ராஜா அசைப்பது போலவே.

“பேசாமப் பிடிண்ணே” என்றாள், நிறைந்த வாயோடு. “இன்னும் இருக்கு.”